காவலுக்கு ஒரு மாற்று

இராணுவ உடுப்பை முதன்முதலாக நான் போட்டுக்கொண்டபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தேன். போட்டுவிட்டவர் ஒரு டெனிஷ் பெண்மணி, அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். கையைத் தூக்கச் சொல்லிக் கக்கத்தில் இறுக்குகிறதா என்று பார்த்தார். கழுத்துப் பித்தானைத் தானே பூட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "உன் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது" என்றார். முரட்டுக் கம்பளித் துணி. மழையில் நனைந்த ஆட்டின் மணம் அதில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் வயதுப் பையன்களுக்கு உடுப்பு என்றால் வேலி பாய வேண்டிய நேரம். பச்சை உடுப்புக்காரர் வந்தால் ஒரு பக்கம் ஓடினோம். இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்களைக் கண்டால் மறுபக்கம் ஓடினோம். ஓடிய ஓட்டத்தில் கால் நின்ற இடம் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரம் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். ஹேர்னிங்கில் ஒரு துணி நிறுவனத்தின் களஞ்சியத்தில் நெடுங்காலம் வேலை செய்தேன். துணிச் சுருள்களைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு தேய்ந்தது. பிறகு வேலையும் போனது. கொம்யூன் என்கிற நகரசபையில் என் அலுவலைப் பார்த்த இளம்பெண், "நீ நன்றாகக் கதைக்கிறாய், உனக்கு மனிதர்களோடு வேலை பொருந்தும்" என்று சொல்லி, அந்த அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத பழகுநர் வேலைக்கு அனுப்பிவைத்தாள். இங்கே அதற்குப் பிராக்டிக் என்று பெயர். வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம்.

அது ஒரு வெட்டவெளி. ஹீதர் என்கிற குட்டைச் செடிப் பற்றையும் மணலும் இடையிடையே குட்டை பைன் மரங்களும். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்தில் விக்டோரியா ராணி இருந்த காலத்தில், டெனிஷ் அரசன் புதிதாகப் பிடித்த பையன்களை இங்கேதான் பழக்கினானாம். ஜெர்மன்காரரோடு யுத்தம் வந்தபோது தெற்கிலிருந்து நோயாளிகளையும் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். பழைய குடில்கள் எல்லாம் உக்கிப் போய்விட்டன. அத்திவாரக் கற்கள் மட்டும் மிஞ்சின. அந்தக் கற்களின் மேலேயே பலகையும் புற்கட்டியும் வைத்து ஒரு குடிலைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. தரையில் வைக்கோல்.

வசந்தம் தொடங்கிச் சரத்காலம் வரை பள்ளிக்கூட வகுப்புகள் வரும். பிள்ளைகள் ஒரு நாள் சிப்பாய்களாக இருந்து பார்ப்பார்கள். எனக்கு அடுப்பும் குடிலும். ஓட்ஸ் கஞ்சி காய்ச்ச வேண்டும், வைக்கோலைப் புரட்ட வேண்டும், விறகு பிளப்பதுபோல் பாவனை செய்ய வேண்டும். என் தோள் அதற்கு மேல் இடம் தராது. கறுப்புச் சிப்பாயைக் கண்டு முதல் வாரம் ஒரு பிள்ளை, "அந்தக் காலத்தில் உங்களைப் போல ஆட்கள் ஆமியில் இருந்தார்களா?" என்று கேட்டது. பக்கத்தில் நின்ற கோப்ரல்தான், "கோட்டு அளவாக இருந்தால் போதும். ஆமி வேறொன்றும் கேட்காது" என்றார்.

கோப்ரல் என்பது அவருடைய வேஷம். உண்மையில் அவர் ஆமியில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டையான மனிதர், வெள்ளை மீசை, ஒரு முழங்கால் மடங்காது. பிள்ளைகளுக்கு ஆள்சேர்ப்பை நடித்துக் காட்டுவார். குறிபோட்ட தடியில் உயரம் அளப்பார். வாயைத் திறக்கச் சொல்லி முன்பற்களைப் பார்ப்பார். "தோட்டாவைச் சுற்றிய காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பல் இல்லாதவன் தப்பினான்" என்பார். பிறகு ஒரு மரப்பீப்பாயில் கைவிட்டு ஆளுக்கொரு இலக்கம் எடுக்க வேண்டும். சின்ன இலக்கம் எடுத்தவன் சிப்பாய். பெரிய இலக்கம் எடுத்தவன் வீட்டுக்குப் போகலாம்.

கடைசியாக ஒரு விளையாட்டு. சின்ன இலக்கம் எடுத்த பிள்ளைகளில் ஒருவனைப் பணக்காரக் கமக்காரனின் மகன் ஆக்குவார். "உனக்குப் போக விருப்பமில்லை. உன் அப்பாவிடம் காசு இருக்கிறது. உனக்குப் பதிலாக யார் போவது? காட்டு." அந்தக் காலத்தில் அப்படித்தானாம். காசு கொடுத்து ஒரு கூலிக்காரப் பையனைத் தன் இடத்துக்கு அனுப்பலாம். பிள்ளை சிரித்துக்கொண்டே இன்னொரு பிள்ளையைச் சுட்டிக் காட்டும். சுட்டப்பட்ட பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இருக்காது. விளையாட்டுத்தான் என்று தெரிந்தாலும் இருக்காது. அடுப்படியிலிருந்து ஒவ்வொரு முறையும் நான் அந்த முகத்தைத்தான் பார்ப்பேன்.

மே மாதம் ஒரு நல்ல வெயில் நாள். பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் போகும்போது என்னிடம் வந்து நன்றி சொன்னாள்.

"உள்ளே இருக்கிற இளைஞன் நன்றாகச் செய்கிறான். ஆனால் அவனுக்குக் காய்ந்த கோட்டு ஒன்று கொடுங்கள். பாவம், சொட்டச் சொட்ட நிற்கிறான்."

அன்றைக்குக் கோப்ரலையும் என்னையும் தவிர உடுப்புப் போட்டவர் எவரும் இல்லை. குடிலுக்குள் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் காலையில் நான் புரட்டிப் பரப்பிய வைக்கோல் மூலையில் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தேன். அடியில் ஈரம். மழை பெய்து ஒரு கிழமைக்கு மேல்.

கோப்ரலிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கஞ்சி அடிப்பிடிக்கிறது" என்றார். உண்மையில் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். வருகிறவர்களில் எல்லோருக்கும் இல்லை, எப்போதாவது ஒருவருக்குத்தான். ஒரு கிழவர் குடிலை விட்டு வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கார்வரைக்கும் அப்படியே நடந்தார். ஒரு சின்னப் பெண், உள்ளே நிற்கிற அண்ணா ஏன் சப்பாத்துப் போடவில்லை என்று ஆசிரியையிடம் கேட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டிலும் அந்த நாட்களில் நிம்மதி இல்லை. எங்கள் ஒரே மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இப்போது டென்மார்க்கில் பெண்பிள்ளைகளுக்கும் கட்டாய இராணுவ சேவை. வைத்தியப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவளுக்கும் அழைப்பு வந்தது. போய், சோதனை முடித்து, தன் கையாலேயே ஓர் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சின்ன இலக்கம். கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

மனைவி சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை.

"ஆமிக்குப் பிள்ளையைக் குடுக்கவோ நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்?" என்றாள். "இஞ்சருங்கோ, நீங்கள் ஒண்டும் கதைக்க மாட்டியளோ?"

"நான் என்னத்தைக் கதைக்கிறது? சட்டம்."

"சட்டமாம். வேற ஆரையும் அனுப்பேலாதோ? வருத்தம் எண்டு சொல்லேலாதோ?"

மகள் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள். அவள் சொன்னதன் சாரம் இதுதான்: தான் இங்கேதான் பிறந்தவள், தன் சிநேகிதிகளும் போகிறார்கள், தனக்கு நோய் ஒன்றும் இல்லை, கூப்பிடும்வரை காத்திராமல் தானாகவே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். கடைசி வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னாள்.

"அம்மா, ஒருத்தரும் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. நான்தான் போறன்."

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், சாகக் கிடக்கிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவள், லேசில் பயப்படமாட்டாள். அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தது எனக்குப் புதிது. எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு இடத்தில் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை கடும் பனிமூட்டம். பத்து மணியாகியும் குடிலிலிருந்து கொடிக்கம்பம் தெரியவில்லை. வந்திருந்த வகுப்பைக் கோப்ரல் வரிசையாக நிறுத்தினார். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக இலக்கம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னார்கள். வரிசையின் கடைசியில் சிவப்பு ஜாக்கெட் போட்ட பெண் தன் இலக்கத்தைச் சொன்னாள்.

அவளுக்கு அப்பால், பனிக்குள்ளிருந்து, ஓர் ஆண்குரல் அடுத்த இலக்கத்தைச் சொன்னது.

சத்தமாக இல்லை. தொண்டை கட்டிய குரல், ஆனால் ஒழுங்கான குரல். தன் முறை வந்தது, சொன்னான், அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர், நல்ல தந்திரம் என்பதுபோல் எங்களைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார். கோப்ரலின் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. "வலப்பக்கம் திரும்பு!" என்று கத்தினார். அவருடைய குரல் நடுவில் உடைந்தது.

மத்தியானம் பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் என்னை விறகு அடுக்கியிருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீயும் கேட்டாய்."

"கேட்டேன்."

"அவன் உன்னிடம் ஏதாவது கேட்டானா? குடிலுக்குள்ளே? உன்னிடம் நேராக?"

"இல்லை."

"கேட்பான். 'என்னை மாற்றிவிட வந்தது நீயா?' என்று கேட்பான். தன் இடத்தில் நிற்க அடுத்த ஆள் வந்தாயிற்றா என்று காவலில் நிற்கிறவன் கேட்கிற கேள்வி. பழைய மேற்கு ஜட்லாந்துப் பேச்சு, உனக்கு விளங்காமலும் போகலாம். விளங்கினாலும் பதில் சொல்லாதே."

"சொன்னால்?"

அவர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு விறகுக் குற்றியில் உட்கார்ந்தார்.

"நான் இங்கே வந்த முதல் வருடம் கேட்டான். யாரோ பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். நானும் ஆமிக்காரன்தானே. 'ஆம், நான்தான், நீ போய்ப் படு' என்றேன்."

"பிறகு?"

"அன்றிலிருந்து நான் இங்கே வராமல் இருந்ததில்லை. குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். அப்போதும் வருகிறேன். கிறிஸ்மஸ் அன்றும் வந்து கதவடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன். ஒரு நாள் வேண்டுமென்றே வராமல் வீட்டில் இருந்து பார்த்தேன். என் கால்கள் நனைந்தன. வரவேற்பறையில், ஹீட்டர் பக்கத்தில், என் காலுறையிலிருந்து தண்ணீர் ஊறியது. மனைவி துடைத்தாள். இப்போது அவள் ஒன்றும் கேட்பதில்லை."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை.

"நீ அவனை அனுப்பிவிட்டாய். அப்படியென்றால் காலையில் இலக்கம் சொன்னது யார்?"

அவர் குடிலைப் பார்த்தார். பிறகு குடிலுக்குப் பின்னால் பற்றைகளுக்குள் வரிசை வரிசையாகக் கிடந்த மற்ற அத்திவாரக் கற்களைப் பார்த்தார்.

"அவன் போய்விட்டான். அது எனக்குத் தெரியும், நான் உணர்ந்தேன். அடுத்த நாள் அந்த இடத்தில் இன்னொருவன் நின்றான். இங்கே குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட விஷக் காய்ச்சலில் செத்த பையன்கள்தான் அதிகம். பாதிப்பேர் தங்கள் இலக்கத்துக்கு வந்தவர்கள்கூட இல்லை, வேறொருவனின் இலக்கத்துக்கு வந்தவர்கள். யாராவது வருவார்கள் என்று நிற்கிறார்கள்."

அன்று வீட்டுக்குக் கார் ஓட்டும்போது, நாளைக்கே கொம்யூனில் சொல்லி வேறு இடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன காரணம் சொல்வது? அந்த இளம்பெண் கணினியில் என்னவென்று பதிவு செய்வாள்? நான் போய்க் கேட்கவில்லை. குடிலுக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன். வைக்கோல் புரட்டும்போது சத்தமாகத் தேவாரம் பாடினேன். எனக்கு இரண்டு பாட்டுத்தான் முழுதாகத் தெரியும்.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனம் நிறைந்த நாள், மனைவியும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். வரவேண்டாம் என்று எத்தனையோ சாட்டுச் சொல்லிப் பார்த்திருந்தேன். மகள் என் வேஷத்தைப் படம் எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். மனைவி என் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "இந்த வெயிலுக்கை இதைப் போட்டுக்கொண்டு எப்பிடி நிக்கிறியள்?" என்றாள். நான் அவளுக்குக் கஞ்சி வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை.

குடிலின் கதவு திறந்திருந்தது. நான் அகப்பையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நடக்கும்போதே அவள் வெளியே வந்துவிட்டாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாதாரணமாக.

"அப்பா, உள்ளுக்கு நிக்கிறவர் ஆர்? அவரின்ரை டெனிஷ் எனக்குப் பாதிதான் விளங்கினது."

"என்ன கேட்டவர்?"

"என்னை மாத்திவிட வந்தது நீயோ எண்டு. நடிக்கிறார் எண்டு நினைச்சன்."

"நீ என்ன சொன்னனீ?"

என் குரலைக் கேட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இப்ப இல்லை, கொஞ்ச நாளில வாறன் எண்டு சொன்னன். நான் ஆமிக்குப் போறன்தானே. ஏனப்பா?"

"ஒண்டுமில்லை. நீ அம்மாவிட்டைப் போ."

"அப்பா…"

"போ பிள்ளை!"

அவள் போனாள். நான் குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எதற்காகச் சாத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பலகை இடுக்குகளால் வெளிச்சக் கம்பிகள் விழுந்தன. வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு, தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியதுபோல், அந்தச் சத்தம் தூரமாகப் போனது. மூலையில் யாரோ மூச்சு விட்டார்கள். நெஞ்சில் சளி கட்டிய மூச்சு.

உருவமாக நான் ஒன்றையும் காணவில்லை. கண்டதாகச் சொன்னால் அது பொய். ஈரக் கம்பளி மணமும் அந்த மூச்சும் மட்டும்தான். ஆனால் அந்த மூலையில் நிற்பவன் என்னைப் பார்க்கிறான் என்பது கழுத்து மயிருக்குத் தெரிந்தது. நான் டெனிஷில் கதைக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது தமிழ்.

"தம்பி, அவள் சின்னப் பிள்ளை. தெரியாமல் சொல்லிப்போட்டாள். அவளில்லை. நான் நிக்கிறன். நீ போ ராசா."

எங்கள் ஊரில் ஓடித் தப்பாத பையன்களின் முகங்கள் எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றாக, அழைக்காமலே வந்தன. இவனுக்கும் அந்த வயதுதான் இருக்கும்.

வைக்கோல் சரசரத்தது. படுத்திருந்த ஒருவன் கையை ஊன்றி எழும்புகிற சத்தம். ஈரக்காலைத் தரையில் வைக்கும் சத்தம். என் இடத்தோளை ஒரு குளிர் உரசிக்கொண்டு போனது. நான் சாத்திய கதவு மெல்லத் திறந்தது, வெயில் உள்ளே வந்தது, பிள்ளைகளின் சத்தமும் வந்தது. ஒரு நொடிக்கு எனக்கு அழுகை முட்டியது, போய்விட்டான், விட்டது என்ற நிம்மதியில்.

அப்போதுதான் மூலையில் இன்னொரு மூச்சுத் தொடங்கியது. முந்தியதைவிட மெல்லியது, வேகமானது.

வெளியே வந்தபோது கோப்ரல் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார். கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். நனைந்திருந்தது.

"மகளுக்காகவா?"

"ஓம்" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியது.

மகள் ஓகஸ்ட்டில் போனாள். நாங்கள் இருவரும் முகாம் வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். மனைவி அழவில்லை. காரில் ஏறியபின்தான் அழுதாள். மகளுக்கு ஒரு குறையும் இல்லை. சில வார இறுதிகளில் வருவாள். கை, கால் எல்லாம் கீறல், நன்றாகச் சாப்பிடுகிறாள், முன்னரைவிடக் கூடுதலாகத் தமிழ் கதைக்கிறாள். அங்கே காவலில் நிற்கும்போது ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா என்று ஒருமுறை சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அலுப்பு, வேறொண்டுமில்லை" என்றாள். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஒக்டோபரில் அருங்காட்சியகம் பூட்டியது, என் பிராக்டிக்கும் முடிந்தது. பொறுப்பாளர் கேக் வைத்து நன்றி சொன்னார். உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோப்ரல் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. போகவில்லை. மூன்றாம் நாள் காலை சாமி அறைக்கு முன்னால் நான் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. மனைவி என் காலுறையைப் பிழிந்து பார்த்தாள்.

"எங்க போய்த் தண்ணியுக்கை மிதிச்சுப்போட்டு வந்தனியள்?"

நான் வெளியில் இறங்கவே இல்லை. அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு போனேன். கோப்ரல் அங்கே நின்றார். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. பேசி ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறுவதுபோல் ஒரு நாள் அவர், மறுநாள் நான். மற்றவரின் காவலையும் சேர்த்து ஒருவர் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இருவரின் காலும் காய்ந்துவிடும். என் மனைவியிடம், அவர் தனிமையில் இருக்கிறார், கூட நடக்கப் போகிறேன் என்று சாட்டுச் சொன்னேன். இந்த வயதில் உங்களுக்கு ஒரு டெனிஷ் சிநேகிதன் கிடைத்தது நல்லதுதான் என்றாள்.

ஜனவரியில் கோப்ரலுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவர் எழும்பி நடக்கும்வரை எல்லா நாளும் என் நாள். வீதி எல்லாம் பனிக்கட்டி. இந்தத் தோளோடு தனியாக ஓட விடமாட்டேன் என்று மனைவி ஒரு நாள் தானும் ஏறிவிட்டாள். தடுக்க முடியவில்லை. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி வேறு.

பிற்பகல். வெண்பனி முழங்கால்வரை கிடந்தது. சுற்றிவர ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவளைக் காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டு நான் குடில்வரை நடந்து கதவடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் பனி நொறுங்கும் சத்தம். அவள் பிளாஸ்கோடு வந்துகொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு ஆரோ இருமுறாங்கள்" என்றாள்.

நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"காருக்கை இருந்தே கேட்குது. இந்தக் குளிருக்கை ஆர் உள்ள? சின்னப் பெடியன்ரை இருமல் மாதிரியெல்லோ கிடக்கு."

"நீர் போம். காருக்குப் போம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேலையில் கண் தெரியாதவர்களையும் நினைவு தப்பியவர்களையும் பார்க்கிற பார்வை. பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே அவள் கதைப்பது கேட்டது. முதலில் டெனிஷில், முதியோர் இல்லத்தில் கதைக்கிற அதே குரலில், மெல்ல, அவசரமில்லாமல். பிறகு தமிழில். பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம். இருமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பைன் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அவள் பிளாஸ்கைக் கவிழ்த்து மிச்சத்தைப் பனியில் ஊற்றப் பார்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், ஹேர்னிங் வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியபோது கையுறையைக் கழற்றி, தன் வலது உள்ளங்கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நெத்தி நெருப்பாச் சுடுது அந்தப் பிள்ளைக்கு."